அதிரும் கருவியைக் கடித்தால் கிளிப் சீக்கிரம் கழலுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 26 வயது. முன்பற்கள் துருத்திக்கொண்டிருந்ததால் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பற்களை எடுத்துவிட்டுக் கிளிப் போட்டிருக்கிறேன். 9 மாதம் ஆகிவிட்டது. பற்கள் வரிசைக்கு வந்துவிட்டன, ஆனால் பல் எடுத்த இடத்தில் இடைவெளி அப்படியே இருப்பது போலத்தான் தெரிகிறது. இன்னும் 8 மாதத்தில் மேற்படிப்புக்காக வேறு நாட்டுக்குப் போகிறேன், அதற்குள் கழற்றிவிட ஆசை. என் டாக்டர் இன்னும் ஒன்றேகால் வருடம் ஆகும் என்கிறார். தினமும் 20 நிமிடம் வாயில் கடித்துக்கொள்ளும் அதிர்வுக் கருவி ஒன்று இருக்கிறதாம், சிகிச்சைக் காலம் பாதியாகக் குறையும் என்று விளம்பரத்தில் பார்த்தேன். லேசர் ஒளி காட்டினாலும் பல் வேகமாக நகருமாமே? கத்தி, ஊசி இல்லாமல் வேகப்படுத்துவதில் எதை நம்பலாம்? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் டைட் செய்துகொண்டால் என்ன? ரப்பர் பேண்டை இரட்டையாக மாட்டினால் சீக்கிரம் இழுக்கும் என்கிறாள் என் தோழி. டைட் செய்யும் ஒவ்வொரு முறையும் வலி தாங்காமல் இபுப்ரோஃபென் போட்டுக்கொள்கிறேன், அதனால் தாமதமாகிறதா?

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவியை வாங்க வேண்டாம். லேசர் விஷயம் கொஞ்சம் சிக்கலானது, அதற்குப் பிறகு வருகிறேன், ஆனால் உங்கள் 8 மாதக் கணக்கை அது மாற்றப்போவதில்லை. ரப்பர் பேண்ட் யோசனையை இன்றைக்கே மறந்துவிடுங்கள். உங்கள் டாக்டர் சொன்ன ஒன்றேகால் வருடம் நியாயமான கணக்குதான், நான்கு பற்களை எடுத்துச் செய்யும் சிகிச்சை மொத்தமாக இரண்டு வருடத்தை ஒட்டி முடிவது வழக்கம். அதில் ஓரிரண்டு மாதங்கள் வீணாகாமல் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை, ஏனென்றால் அதில் விற்பதற்கு ஒன்றுமில்லை.

"இடைவெளி அப்படியே இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதிலிருந்து தொடங்கலாம். பல் எலும்போடு நேரடியாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கோரைப்பல்லைப் பின்னோக்கி இழுக்கும்போது வேரின் பின்பக்கம் அந்தப் படலம் நசுங்குகிறது, முன்பக்கம் இழுபடுகிறது. நசுங்கிய பக்கத்தில் எலும்பை அரிக்கும் செல்கள் வந்து சேர்ந்து வழிவிடுகின்றன, இழுபட்ட பக்கத்தில் புது எலும்பைக் கட்டும் செல்கள் வேலை செய்து பின்னாலேயே அடைத்துக்கொண்டு வருகின்றன. அதாவது பல் எலும்புக்குள் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஒரு பக்கம் எலும்பு கரைந்து இன்னொரு பக்கம் வளர்ந்தால்தான் அதனால் இடம் மாற முடியும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு கட்டம் உண்டு. டைட் செய்த ஓரிரண்டு நாளில் பல் கொஞ்சம் நகர்ந்துவிடும், அது அந்தப் படலத்துக்குள்ளேயே நடக்கும் அசைவு, உங்களுக்கு வலிப்பதும் அப்போதுதான். அதற்கப்புறம் இரண்டு மூன்று வாரம் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காது. நசுங்கிய இடத்தில் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, அங்கிருக்கும் செல்கள் இறந்து, அந்தப் பகுதி கண்ணாடி போல உயிரற்றுக் கிடக்கும். பக்கத்து எலும்பிலிருந்து வரும் செல்கள் அந்தக் குப்பையை அள்ளி முடித்த பிறகுதான் பல் நிஜமாக நகரத் தொடங்கும். இந்தக் காத்திருப்பையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் மாதத்துக்கு சுமார் 1 மில்லிமீட்டர், சிலருக்கு அதைவிடக் குறைவு. நீங்கள் எடுத்த பல்லின் இடம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். அதில் கொஞ்சத்தை முதல் சில மாதங்களில் நெருக்கமாக இருந்த பற்களை வரிசைப்படுத்தவே செலவழித்திருப்பார்கள், மீதியை மூடும் வேலை உங்களுக்கு இப்போதுதான் தொடங்கியிருக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்று நினைப்பது அதனால்தான். அடுத்த முறை போகும்போது கோரைப்பல்லுக்கும் அதன் பின்னால் உள்ள பல்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளந்து சொல்லச் சொல்லுங்கள். அதற்கடுத்த முறையும் கேளுங்கள். கண்ணால் பார்ப்பதைவிட அந்த இரண்டு எண்கள் மனசுக்கு நிம்மதி தரும்.

அப்படியானால் இன்னும் பலமாக இழுத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. மணலில் புதைந்த வண்டிச் சக்கரத்தை ஆக்சிலரேட்டரை மிதித்து வெளியே எடுக்கப் பார்ப்பது மாதிரிதான் அது. விசை கூடக் கூட நசுங்கிய இடம் பெரிதாகும், ரத்த ஓட்டம் இன்னும் கூடுதலாகத் தடைப்படும், அந்த உயிரற்ற பகுதியைத் துப்புரவாக்கவே கூடுதல் வாரங்கள் போகும். 1932-லேயே ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர், பல்லின் மேல் வைக்கும் அழுத்தம் நுண் ரத்தக்குழாய்களில் இருக்கும் அழுத்தத்தைத் தாண்டக் கூடாது என்று எழுதினார், சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் என்பது அவர் கணக்கு. எண்ணைப் பற்றி விவாதம் உண்டு, மெல்லிய விசைதான் நல்லது என்ற கருத்து இன்றுவரை நிற்கிறது. பலமான விசையின் இன்னொரு கேடு, வேரின் நுனி கரைந்து குட்டையாவது. கரைந்த நுனி திரும்ப வளராது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டைட் செய்வதும் இதே கதைதான். உள்ளே துப்புரவு வேலை முடிவதற்குள் மறுபடி நசுக்கினால் என்ன பயன்? நான்கு முதல் எட்டு வாரம் வரை இடைவெளி விடுவதை டாக்டரின் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். தவிர, இப்போதைய நிக்கல் டைட்டானியம் வயர்களும் ஸ்பிரிங்குகளும் வாரக்கணக்கில் ஒரே சீராக மெல்ல இழுத்துக்கொண்டிருக்கும், அவற்றை அடிக்கடி தொடத் தேவையில்லை.

சரி, அதிர்வுக் கருவி. யோசனை என்னவோ முட்டாள்தனமானது அல்ல. எலும்பு அசைவுக்கும் அழுத்தத்துக்கும் பதில் சொல்லும் உயிருள்ள பொருள், சிறு அதிர்வு கொடுத்தால் செல்கள் சுறுசுறுப்பாகும் என்று எதிர்பார்த்தார்கள், எலிகளில் செய்த சோதனைகளில் பல் வேகமாக நகரவும் செய்தது. பிறகு மனிதர்களுக்கான கருவிகள் வந்தன. அவற்றில் அதிகம் பேசப்பட்டது ஆக்சிலிடென்ட். ஒரு கடிப்பானை 20 நிமிடம் வாயில் வைத்துக்கொள்ள வேண்டும், வினாடிக்கு 30 முறை, சுமார் 25 கிராம் விசையில் அதிரும். இதைவிட வேகமாக, வினாடிக்கு 120 முறை அதிர்ந்து 5 நிமிடத்திலேயே வேலையை முடிப்பதாகச் சொல்லும் கருவிகளும் உண்டு.

இதைச் சோதித்ததில் நான் மதிக்கும் ஆய்வு ஒன்று பிரிட்டனில் பல மருத்துவமனைகளில் சேர்ந்து நடந்தது, முடிவுகள் 2015-லிருந்து வெளிவந்தன. உங்களைப் போலவே பல் எடுத்துக் கிளிப் போட்ட 81 பேர், எல்லோரும் இளவயதினர். அவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நிஜக் கருவி, இன்னொன்றுக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் ஆனால் அதிராத போலிக் கருவி, மூன்றாவதுக்குக் கிளிப் மட்டும். பற்கள் வரிசைக்கு வரும் வேகத்தில் வித்தியாசம் இல்லை. அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்து 2018-ல் வெளியிட்டதில் இடைவெளி மூடும் வேகத்திலும், மொத்த சிகிச்சைக் காலத்திலும், கடைசியில் பற்கள் பொருந்திய தரத்திலும்கூட வித்தியாசம் இல்லை. வலியாவது குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. கருவியால் வேருக்குக் கெடுதல் எதுவும் கூடவில்லை, அந்த மட்டில் நல்ல செய்தி. எதிர்த்திசையில் ஒரு ஆய்வு இருக்கிறது, 2015-லேயே வந்தது, கோரைப்பல் அதிர்வோடு வேகமாக நகர்ந்ததாகச் சொன்னது. அதற்குக் கருவியைச் செய்த நிறுவனமே ஆதரவு கொடுத்திருந்தது என்பதையும் சேர்த்து எடைபோடுங்கள்.

விளம்பரங்களில் எஃப்டிஏ, அதாவது அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி பெற்றது என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். இந்த மாதிரிக் கருவிகளுக்குக் கிடைக்கும் அனுமதி பெரும்பாலும், ஏற்கெனவே சந்தையில் இருக்கும் ஒரு கருவிக்கு இது ஒப்பானது, அதே அளவுக்குப் பாதுகாப்பானது என்று காட்டினாலே கிடைத்துவிடும் வகை. உங்கள் சிகிச்சை இத்தனை மாதம் குறையும் என்பதற்கு அது சான்றிதழ் ஆகாது.

எலக்ட்ரிக் டூத்பிரஷ்ஷையே பல்லில் வைத்து அதிரவிட்டால் போதுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சின்ன ஆய்வில் பலன் தெரிந்தது, இன்னொன்றில் தெரியவில்லை. பல் துலக்க அது நல்ல கருவி, கிளிப் போட்டிருக்கும்போது குறிப்பாக நல்லது. அதற்காக மட்டும் வாங்குங்கள்.

இப்போது லேசர். இங்கே நான் அவ்வளவு கறாராக மறுக்க மாட்டேன். சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் அருகிலுள்ள அலைநீள ஒளி, பெரும்பாலும் 780-லிருந்து 980 நானோமீட்டர் வரை, ஈறைத் தாண்டி எலும்பு வரை ஓரளவு ஊடுருவும். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா அந்த ஒளியை உறிஞ்சிக்கொண்டு வேகமெடுக்கிறது என்பது விளக்கம். சூடு தெரியாது, வலிக்காது. 2004-ல் மனிதர்களில் செய்த முதல் ஆய்வுகளில் ஒன்று வந்தது. 11 பேருக்கு வாயின் ஒரு பக்கம் லேசர் கொடுத்து, மறுபக்கம் கொடுக்காமல் விட்டு, இரண்டு மாதம் பார்த்தார்கள். லேசர் பட்ட பக்கத்துக் கோரைப்பல் 34 சதவீதம் கூடுதலாக நகர்ந்திருந்தது. இன்றைக்கும் "மூன்றில் ஒரு பங்கு வேகம்" என்று பேசுபவர்கள் பலரும் இந்த மாதிரி ஆய்வுகளிலிருந்துதான் பேசுகிறார்கள்.

அந்த எண்ணை அப்படியே உங்கள் வாயில் வைத்துப் பார்ப்போம். உங்களுக்கு மூட வேண்டியது 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1 மில்லிமீட்டர் என்றால் 5 மாதம். 34 சதவீதம் கூடினால் மாதம் 1.34, அப்போது நாலு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. மிச்சம் ஒரு மாதமும் சில நாட்களும். அதுவும் இரண்டு மாத ஆய்வில் பார்த்த வேகம் கடைசிவரை குறையாமல் நின்றால். இந்த வேகம் இடைவெளி மூடும் கட்டத்துக்கு மட்டும்தான், அதற்கப்புறம் வரும் நுணுக்க வேலைக்கு அதே பலன் இருக்கும் என்று யாரும் காட்டவில்லை. 15 மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று மனக்கணக்கு போட்டு 10 மாதம் என்று சந்தோஷப்பட்டிருந்தால், அந்தக் கணக்கு இங்கேதான் உடைகிறது. ஒரு மாதச் சொச்சம் குறைந்தால் போதாது, உங்களுக்கு ஏழு மாதம் குறைய வேண்டும்.

இன்னொரு தொல்லை, அளவு. எந்த அலைநீளம், எவ்வளவு ஆற்றல், பல்லைச் சுற்றி எத்தனை இடத்தில், மாதத்துக்கு எத்தனை முறை என்று ஒவ்வொரு ஆய்விலும் ஒவ்வொரு மாதிரி. குறைந்த அளவில் செல்லைத் தூண்டும் ஒளி, கூடிய அளவில் அதையே மந்தமாக்கும். ஆகவே ஒரு கிளினிக்கில் "எங்களிடம் லேசர் இருக்கிறது" என்று சொன்னால் அது ஆய்வில் பயன்பட்ட அதே அளவுதான் என்று அர்த்தமில்லை. லேசருக்காக மாதத்தில் பல தடவை போய் உட்கார வேண்டியிருக்கும். வீட்டிலேயே வாயில் வைத்துக்கொள்ளும் எல்இடி கடிப்பான்கள் அலைச்சலைக் குறைக்கின்றன, நம்பகமான ஆதாரத்தைக் கூட்டவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு இந்த அறுவையில்லா முறைகளை எல்லாம் சேர்த்து அலசி 2015-ல் ஒரு முறையும், புதுப்பித்து 2023-ல் ஒரு முறையும் வெளியிட்டது. 2023-ன் சாரம்: அதிர்வோ ஒளியோ மொத்த சிகிச்சைக் காலத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை, ஒளி சில தனிக் கட்டங்களைக் கொஞ்சம் வேகப்படுத்தலாம், ஆனால் நோயாளிக்கு உணரும்படியான பலன் என்பது சந்தேகம், இதற்கெல்லாம் கையில் உள்ள ஆதாரங்களே பலவீனமானவை. என் அனுபவத்தில் பார்ப்பதும் இதோடு ஒத்துப்போகிறது. ஆகவே உங்கள் டாக்டரிடமே லேசர் இருந்து, தனிக் கட்டணம் கேட்காமல், வழக்கமாகப் போகும் நாளிலேயே செய்தால் மறுக்க வேண்டியதில்லை. அதற்காக டாக்டரை மாற்றவோ கூடுதலாகப் பணம் கட்டவோ நான் சொல்ல மாட்டேன்.

மின்காந்த அலை, மெல்லிய மின்சாரம், அல்ட்ராசவுண்ட் என்று வேறு பெயர்களும் கண்ணில் படும். அவை பெரும்பாலும் விலங்குச் சோதனைகளிலும் சின்னச் சின்ன ஆய்வுகளிலும் நிற்கின்றன, உங்களுக்கு இப்போது தேவையில்லை. பல்லில் ஒட்டி வயரைப் பிடித்துக்கொள்ளும் சின்னத் துண்டுக்குப் பெயர் பிராக்கெட். வயரைக் கட்ட ரப்பர் வளையம் தேவைப்படாத, தானே மூடிக்கொள்ளும் பிராக்கெட் போட்டால் சிகிச்சை சீக்கிரம் முடியும் என்று ஒரு காலத்தில் அடித்துச் சொன்னார்கள். முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது காலம் குறையவில்லை, நாற்காலியில் உட்காரும் நேரம்தான் சில நிமிடம் குறைந்தது. எலும்பில் ஊசித் துளை போட்டு வேகப்படுத்தும் முறையை யாராவது உங்களிடம் "சின்ன விஷயம்தான்" என்று சொல்லக்கூடும். சின்னதோ பெரியதோ, அது கத்தி வகையில் சேர்ந்தது. 2013-ல் வந்த முதல் ஆய்வு இரண்டு மடங்குக்கு மேல் வேகம் என்றது, பிறகு வந்த ஆய்வுகள் பலவற்றில் அந்தப் பலன் மறைந்துபோனது.

தோழியின் ரப்பர் பேண்டுக்கு வருவோம், ஏனென்றால் நீங்கள் கேட்டதில் உண்மையிலேயே ஆபத்தானது இதுதான். ரப்பர் பேண்ட் இரண்டு முனையையும் ஒரே அளவு இழுக்கும். நமக்கு வேண்டியது முன்பற்கள் பின்னால் போவது, ஆனால் மறுமுனையில் கட்டியிருக்கும் கடைவாய்ப்பல்லும் அதே விசையில் முன்னால் வரப் பார்க்கும். மெல்லிய விசையில் பெரிய வேர்கள் கொண்ட கடைவாய்ப்பல் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும், சிறிய வேர்கள் உள்ள பற்கள் நகரும். உங்கள் டாக்டர் எந்த அளவு பேண்ட், எங்கிருந்து எங்கே என்று தேர்ந்தெடுத்தது இந்தக் கணக்கில்தான். இரட்டையாக மாட்டினால் கடைவாய்ப்பல்லும் கிளம்பிவிடும். இடைவெளி வேகமாக மூடுவது போலவே தெரியும், நீங்களும் மகிழ்ந்துபோவீர்கள், ஆனால் அது தப்பான பக்கத்திலிருந்து மூடியிருக்கும். துருத்திய முன்பற்கள் துருத்தியபடியே இருக்க, அவற்றைப் பின்னால் கொண்டுபோக இடம் இருக்காது. எதற்காக நான்கு பற்களைக் கொடுத்தீர்களோ அதுவே கைவிட்டுப் போகும். இன்னொன்று, முன்பற்கள் இரண்டைச் சேர்த்து வெறும் ரப்பர் வளையம் போட்டு இடைவெளி மூடும் வீடியோக்கள் சுற்றுகின்றன. பல்லின் வேர் கீழே போகப் போகக் குறுகுவதால் அந்த வளையம் மெல்ல ஈறுக்குள் வழுக்கி, வேரைச் சுற்றியுள்ள படலத்தையும் எலும்பையும் அறுத்துக்கொண்டே போகும். நன்றாக இருந்த பற்களை இப்படி இழந்தவர்கள் உண்டு. எந்தப் பிராக்கெட்டும் இல்லாமல் பல்லில் நேரடியாக ரப்பர் போடவே கூடாது.

ஒற்றையாக, சொன்ன இடத்தில், சொன்ன நேரம் முழுக்க மாட்டுவது வேறு விஷயம். அதை மட்டும் சரியாகச் செய்தாலே பலருக்கு மாதக்கணக்கில் மிச்சமாகும். ரப்பர் பேண்ட் மாட்டிய சில மணி நேரத்திலேயே விசையில் ஒரு பங்கை இழந்துவிடும், ஆகவே தினமும் புதிது மாற்ற வேண்டும். "ராத்திரி மட்டும் போட்டேன் டாக்டர்" என்பதை நான் அடிக்கடி கேட்கிறேன். இரவு நகர்ந்த பல் பகலில் கொஞ்சம் திரும்பிவிடுகிறது, இப்படியே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தால் பல் ஆடும், வலிக்கும், வேலை மட்டும் நடக்காது. வெளியே போகும்போது சின்ன டப்பாவில் பேண்டுகளை வைத்துக்கொள்ளுங்கள், சாப்பிட்டதும் மாட்டிவிடுங்கள்.

அடுத்தது கழன்ற பிராக்கெட். இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மாதங்கள் சத்தமில்லாமல் காணாமல் போவது இங்கேதான். கீழ்வரிசையில் பின்பக்கம் ஒரு பிராக்கெட் பசை விட்டுக் கழன்றிருக்கும், ஆனால் வயரில் கோத்துக்கொண்டு அங்கேயே தொங்கும். வலிக்காது. நாக்கால் தள்ளினால் வயரில் இப்படியும் அப்படியும் வழுக்கும், அவ்வளவுதான். அடுத்த தேதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். அந்த நாலைந்து வாரத்தில் பிடி இல்லாத அந்தப் பல் சாய்ந்தும் திரும்பியும் போயிருக்கும். அப்புறம் பிராக்கெட்டை ஒட்டினாலும் கெட்டியான வயர் உள்ளே நுழையாது, பழையபடி மெல்லிய வயருக்குத் திரும்ப வேண்டும், ஒரு தேதி அதற்கு, இன்னொரு தேதி பழைய இடத்துக்கு வர. எந்த லேசரும் மிச்சப்படுத்தித் தராத இரண்டு மாதம் ஒரு சின்ன உலோகத் துண்டில் போய்விடும். கழன்றது தெரிந்த அன்றே போன் செய்யுங்கள். கடினமானதைக் கடிக்காதீர்கள், பேனா மூடியைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். அப்பாயின்ட்மென்டைத் தள்ளிப்போடுவதும் இதே வகைதான், தேர்வு, வேலை என்று ஒரு வாரம் தள்ளினால் டாக்டரிடம் அடுத்த இடம் கிடைக்க மூன்று வாரம் ஆகலாம்.

ஈறு வீக்கமும் வேகத்தைக் குறைக்கும். சுத்தம் குறைந்தால் ஈறு வீங்கி, மூட வேண்டிய இடைவெளியில் மடிந்து உட்கார்ந்துகொள்ளும். தவிர, பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு தங்கினால் நாலைந்து வாரத்திலேயே பல்லில் வெள்ளைத் திட்டு விழ ஆரம்பிக்கலாம், அந்த நிலையில் கிளிப்பைப் பாதியிலேயே கழற்ற வேண்டியும் வரலாம்.

இபுப்ரோஃபென் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி, பலருக்குக் கேட்கத் தோன்றுவதில்லை. எலும்பை அரிக்கும் செல்களை வரவழைப்பதில் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனத்துக்குப் பங்கு உண்டு, வலியை உண்டாக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. இபுப்ரோஃபென் வகை மருந்துகள் அதன் உற்பத்தியைத் தடுக்கின்றன. விலங்குச் சோதனைகளில் தொடர்ந்து கொடுத்தபோது பல் நகர்வது மந்தமானது. டைட் செய்த நாளில் ஒன்றிரண்டு மாத்திரை போட்டதால் உங்கள் சிகிச்சை தாமதமாகியிருக்காது, கவலை வேண்டாம். இனி பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேட்டு அதற்கு மாறிக்கொள்ளலாம், நாங்கள் பொதுவாகச் சொல்வதும் அதைத்தான். வலி முதல் நாள் உச்சத்தில் இருந்து ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்வதும் பலருக்கு உதவுகிறது, உங்கள் டாக்டர் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் முயன்று பாருங்கள். மூட்டு வலிக்கோ வேறு நோய்க்கோ தினமும் மருந்து எடுப்பவராக இருந்தால் மட்டும் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைத் தருகிறேன்: இடைவெளியை எதை வைத்து மூடுகிறீர்கள்? சங்கிலி போல இருக்கும் ரப்பர் செயினா, நிக்கல் டைட்டானியம் ஸ்பிரிங்கா? ரப்பர் செயின் முதல் நாளிலேயே விசையில் பெரும்பங்கை இழக்கும், ஸ்பிரிங் பல வாரம் ஒரே சீராக இழுக்கும். ஒப்பிட்ட ஆய்வுகளில் ஸ்பிரிங் சற்றே வேகம், பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உங்கள் நிலைமையில் அதன் இன்னொரு குணம் உதவும், இரண்டு வருகைக்கு நடுவே காலம் கொஞ்சம் நீண்டாலும் அது வேலை செய்துகொண்டிருக்கும். எது உங்கள் வாய்க்குப் பொருந்தும் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், வற்புறுத்தாதீர்கள்.

எட்டாவது மாதத்தில் இடைவெளி மூடிவிட்டது, கழற்றிவிடுங்கள் என்று கேட்க உங்களுக்குத் தோன்றும். கேட்காதீர்கள். இழுக்கும்போது பல்லின் மேற்பகுதி முதலில் சாய்ந்து வரும், வேர் பின்தங்கித்தான் வரும். வெளியே இடைவெளி தெரியாத நேரத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் இரண்டு பல்லின் வேர்களும் விலகியே நிற்கும். அவற்றை நிமிர்த்திப் பக்கம் பக்கமாக நிறுத்துவதற்குத்தான் கடைசி மாதங்கள். அதைச் செய்யாமல் கழற்றினால் சாய்ந்த பல் மறுபடி சாய்ந்து, அதே இடத்தில் இடைவெளி திறக்கும். கழற்றிய பிறகும் ஈறிலுள்ள நார்கள் புது இடத்துக்குப் பழகப் பல மாதங்கள், சில வகை நார்களுக்கு ஒரு வருடம்கூட ஆகும். அதுவரை பற்களை அதே இடத்தில் பிடித்து வைக்கும் ரிடெய்னர் விஷயத்தில் அவசரமே கூடாது, எவ்வளவு வேகமாகப் பற்களை நகர்த்தியிருந்தாலும் சரி.

ஆகவே 8 மாதத்தில் முடிப்பதை விட்டுவிட்டு, நடுவில் இடம் மாறுவதற்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். வெளிநாட்டுக்குப் போகிறேன் என்று உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லாவிட்டால் இந்த வாரமே சொல்லுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் இடைவெளி மூடும் கட்டத்தை நீங்கள் கிளம்புவதற்குள் முடிக்கும்படி அவர் திட்டமிடுவார், கடைசி நுணுக்க வேலை மட்டும் மிஞ்சும். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் அவரிடமே காட்டி முடிக்கலாமா, இல்லை அங்கே ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டுமா என்பதை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். பாதியில் வருபவரை எல்லோரும் ஏற்பதில்லை, ஏற்பவர்களும் புதிதாகக் கட்டணம் பேசுவார்கள், ஆகவே கிளம்புவதற்கு முன்பே அங்கே ஒரு பல்சீரமைப்பு நிபுணருக்கு எழுதிக் கேட்டுவைப்பது நல்லது.

ஒப்படைப்பதானால் கையில் எடுத்துப்போக வேண்டியவை: சிகிச்சைக்கு முன் எடுத்த எக்ஸ்ரே, புகைப்படங்கள், பல் அச்சு அல்லது ஸ்கேன், சிகிச்சைத் திட்டம், எந்தப் பற்களை ஏன் எடுத்தார்கள் என்ற குறிப்பு, கிளம்பும் சமயத்தில் எடுத்த புது எக்ஸ்ரே. அதோடு பிராக்கெட்டின் வகையையும் அதன் துளை அளவையும், 0.018 அங்குலமா 0.022 அங்குலமா என்பதையும், இப்போது போட்டிருக்கும் வயரின் அளவையும் எழுதி வாங்குங்கள். இந்தக் கடைசி விவரம் இல்லாமல் வருபவர்களுக்குப் புது டாக்டர் சில சமயம் எல்லாப் பிராக்கெட்டையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து ஒட்ட வேண்டிவரும்.